இசை கேள்வி-பதில்: குவீனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பை மறுபடி கேட்பவர்களுக்கு

பிரிட்டனின் குவீன் குழு 1981 அக்டோபரில் வெளியிட்ட ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பிரிட்டனில் 70 லட்சம் விற்பனையைத் தாண்டிய முதல் ஆல்பம் இது. அந்த எண்ணிக்கையை 2022-ல் தொட்டது.

கேள்வி: கல்லூரி நாட்களில் ஒரு கேசட் கைமாறிக் கைமாறி வந்தது. அதில் முதல் பாட்டு ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. இப்போது செயலியில் போட்டால் ‘போஹீமியன் ராப்சடி’யில் ஆரம்பிக்கிறது. எது அசல்? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டுமே அசல்தான். 1981-ல் பிரிட்டனில் இ.எம்.ஐ. வெளியிட்டதில் 17 பாடல்கள். அமெரிக்காவில் எலெக்ட்ரா நிறுவனம் அதே பெயரில் 14 பாடல்களோடு வேறு வரிசையில் வெளியிட்டது. உங்கள் கேசட் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்த பிரதி. சந்தேகம் இருந்தால் ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’, ‘அண்டர் பிரஷர்’ இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் இவை கிடையாது. அங்கே இருக்கும் ‘டோன்ட் ஸ்டாப் மீ நௌ’, ‘சேவ் மீ’, ‘நௌ ஐம் ஹியர்’, ‘செவன் சீஸ் ஆஃப் ரை’, ‘குட் ஓல்ட்-ஃபேஷன்டு லவர் பாய்’ ஐந்தும் அமெரிக்கப் பதிப்பில் இல்லை. அந்தந்த நாட்டில் எது ஓடியதோ அதைப் போட்டார்கள். செயலிகளில் பொதுவாகக் கிடைப்பது பிரிட்டிஷ் வரிசையின் 2011 ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவைச் சீரமைத்த பதிப்பு). புதிதாகக் கேட்பவர்களுக்கு எங்கள் சிபாரிசும் பிரிட்டிஷ் வரிசைதான். ‘டோன்ட் ஸ்டாப் மீ நௌ’ இல்லாத குவீன் தொகுப்பைக் குறைப்பட்டது என்றே சொல்வோம்.

கேள்வி: 1981 பிரிட்டிஷ் எல்.பி. ஒன்று பழைய இசைத்தட்டுக் கடையில் கிடைத்தது. கீறல் இல்லை. ஆனால் மற்ற தட்டுகளைவிட ஒலி சன்னமாக இருக்கிறது. ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’ வரும்போது குரல் பிசிறடிக்கிறது. ஊசியை மாற்ற வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: ஊசியில் கை வைக்கும் முன் தட்டின் கணக்கைப் பாருங்கள். 17 பாடல்கள் சேர்ந்து ஏறக்குறைய 58 நிமிடம். அத்தனையும் ஒரே தட்டில் இருப்பதால் பக்கத்துக்கு 29 நிமிடம். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வசதியான அளவு. அதற்கு மேல் போகப் போக, ஊசி ஓடும் பள்ளமான வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும். சத்தம் கூடினால் வரி அகலமாக ஆடும், பக்கத்து வரியில் இடிக்கும். அதனால் வெட்டுபவர் ஒலி அளவையும் பேஸையும் (தாழ்ந்த ஒலிகள்) குறைத்துத்தான் ஆக வேண்டும். ஒலி சன்னமாக இருப்பது உங்கள் தட்டின் கோளாறல்ல. ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டிக் கேட்கலாம். என்ன, தட்டின் இரைச்சலும் கூடவே ஏறும்.

பிசிறுக்குக் காரணம் வேறு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகத்தான் சுழல்கிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. வரி ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ. மட்டுமே. அதே உச்சஸ்தாயி அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிக் கிடக்கிறது. ஊசிமுனையால் அந்த நெளிவுகளுக்குள் முழுதாக இறங்க முடிவதில்லை. 29 நிமிடப் பக்கத்தில் கடைசிப் பாட்டு லேபிளை ஒட்டியே வந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது, குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி முழு வலிமையோடு மேலே போகும் ‘சாம்பியன்ஸ்’. முதல் பக்கத்தில் ‘சேவ் மீ’க்கும் இதே கதிதான்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். முதலில் வேறொரு தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் பிசிறு இருந்தால் கோளாறு டர்ன்டேபிளில். கோணம் பார்க்கும் ப்ரொட்ராக்டர் அட்டையை வைத்து, தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். ஊசியின் அழுத்தத்தைத் தராசில் வைத்து அளக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ போன்ற கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2 கிராம் சரியாக இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். எடை போதாத ஊசி வரிக்குள் நிற்காமல் குதிக்கும், குதிக்கும் ஊசிதான் சுவரை உடைக்கும்.

மற்ற தட்டு சுத்தமாகப் பாடினால் இந்தத் தட்டைக் கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. லேபிள் நனையாமல் மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். உங்களிடம் பழைய 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையை அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உச்சஸ்தாயி மட்டும் கிழிந்தால், முன்பு வைத்திருந்தவரின் ஊசி வரியைத் தின்றுவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. 2016-ல் அபே ரோட் ஸ்டுடியோவில் பாதி வேகத்தில் வெட்டி, இரண்டு தட்டுகளாக வெளியிட்ட பதிப்பைத் தேடுங்கள். பாட்டுகள் நான்கு பக்கங்களில் பரவியிருப்பதால் பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம்தான். பழைய அச்சு என்றாலே ஒலி உயர்வு என்ற நம்பிக்கை இந்த ஒரு தொகுப்புக்குப் பொருந்தாது. சேகரிப்புக்கு 1981, கேட்பதற்கு இரட்டைத் தட்டு.

கேள்வி: என்னிடம் பழைய சி.டி. இருக்கிறது. 2011 ரீமாஸ்டர் அதைவிட ‘பளிச்’சென்று இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் காது எப்போதும் சத்தமான பக்கமே சாயும். ரீமாஸ்டர் பழைய சி.டி.யைவிடச் சத்தமாக இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் பளிச் என்று கேட்கிறோம். ‘போஹீமியன் ராப்சடி’யில் பியானோவும் குரலும் மட்டும் வரும் பகுதியை இரண்டிலும் 30 நொடி ஓடவிட்டு, போனில் டெசிபல் மீட்டர் செயலியால் ஒரே இடத்தில் வைத்து சராசரியை அளந்துகொள்ளுங்கள். சத்தமான பிரதியைக் குறைத்து, வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு சத்தத்தில் கை வைக்காமல் 4 நிமிடத்தைத் தாண்டி வரும் ராக் பகுதிக்குப் போங்கள். எந்தப் பிரதியில் கிதார் நுழையும்போது சத்தம் துள்ளி எழுகிறதோ, அதில் ஏற்ற இறக்கம் அதிகம் பிழைத்திருக்கிறது. எழ வேண்டிய இடத்தில் எழாமல் தட்டையாகவே போனால் அமுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பழைய சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ‘ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்’ இதில் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே, வெட்டிவிட்டார்களா?

பதில்: ஆமாம். 1978-ன் ‘ஜாஸ்’ ஆல்பத்தில் அது 4 நிமிடம் 16 நொடி. தொகுப்பில் இருப்பது சிங்கிளுக்காக (தனிப்பாட்டு வெளியீடு) குறைத்தது, சுமார் 3 நிமிடம் 23 நொடி. முழுப் பாட்டு வேண்டுமானால் ‘ஜாஸ்’ ஆல்பத்துக்குப் போங்கள்.

கேள்வி: ‘போஹீமியன் ராப்சடி’யின் ஓபரா பகுதியை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது ஒரே கூச்சலாகத்தான் கேட்கிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எதில் கேட்கிறீர்கள்? ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரிலோ போனிலோ என்றால் உங்கள் காதில் பழுதில்லை. சுமார் 3-ம் நிமிடத்தில் ஓபரா ஆரம்பித்ததும் மேல் குரலும் கீழ்க் குரலும் இடமும் வலமுமாக மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகப் போகின்றன. ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டுங்கள். அல்லது இரண்டு ஸ்பீக்கர்களை 2 மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் அதே 2 மீட்டர் தள்ளி உட்காருங்கள்.

அந்தப் பெருங்கூட்டத்தில் பாடியவர்கள் மெர்க்குரி, கிதார் வாசிக்கும் பிரையன் மே, ரோஜர் டெய்லர் என்று மூன்றே பேர். 1975-ல் 24 ட்ராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) கொண்ட டேப்பில் குரல்மேல் குரலாகப் பதிந்து, நிறைந்த ட்ராக்குகளைக் கலந்து வேறு ட்ராக்கில் இறக்கி, காலியான இடத்தில் மறுபடி பதிந்தார்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. டேப் திரும்பத் திரும்ப ஓடி அதன் பூச்சே தேய்ந்தது. ஓபரா முடியும் இடத்தில், ராக் கிதார் வெடிப்பதற்குச் சற்று முன், எல்லாக் குரல்களுக்கும் மேலே ஒரு குரல் ஏறி நிற்கும். அது டெய்லர். டிரம்ஸ் வாசிப்பவரின் தொண்டையில் அப்படி ஒரு ஸ்தாயி! முதல் தடவை அந்த ஒரு குரலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை கீழ்க் குரலை. கூச்சல் தானாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: ‘வி வில் ராக் யூ’வில் எத்தனை டிரம்ஸ்?

பதில்: ஒன்றுகூட இல்லை. 1977-ல் லண்டனின் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் பலகைமேல் மிதித்த ஓசையும் கைதட்டலும்தான். அவற்றைப் பலமுறை பதிந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்திச் சேர்த்தார்கள். அந்தத் தாமதங்கள் பகா எண்களின் விகிதத்தில் இருக்கும்படி வைத்ததாக மே விளக்கியிருக்கிறார். அதனால் அது எதிரொலியாகக் கேட்பதில்லை, பெருங்கூட்டமாகக் கேட்கிறது. மே பிற்பாடு வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

கேள்வி: ‘கில்லர் குவீன்’ நடுவே மணியடிப்பதுபோல் வருவது கீபோர்டா?

பதில்: கிதார். பிரையன் மே தன் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்தையும் மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகளையும் கொண்டு செய்த ‘ரெட் ஸ்பெஷல்’. பிளாஸ்டிக் பிக் இல்லாமல் ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். ஸ்வரத்துக்கொன்றாகத் தனித்தனியே பதிந்து அடுக்கியதால்தான் அந்த மணியோசை. குவீன் ஆல்பங்களில் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) நுழைந்ததே 1980-ல். ‘ப்ளே த கேம்’ பாட்டின் தொடக்கத்தில் சீறிக்கொண்டு வருவது அதுதான்.

கேள்வி: நால்வரும் பாட்டு எழுதியவர்கள் என்கிறார்களே, இந்தத் தொகுப்பில் யாருக்கு எத்தனை?

பதில்: பிரிட்டிஷ் பதிப்பில் மெர்க்குரி 10, மே 5, பேஸ் கிதார் வாசித்த ஜான் டீக்கன் 2. டெய்லருக்கு ஒன்றும் இல்லை. அவருடைய ‘ரேடியோ கா கா’ 1984-ல்தான் வந்தது.

கேள்வி: மெர்க்குரி இந்தியாவில் படித்தாரா?

பதில்: ஆமாம். 1946-ல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர். மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் தங்கிப் படித்தார். அங்கேதான் ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தார்.

கேள்வி: பலமுறை கேட்டு அலுத்த தொகுப்பைப் புதிதாகக் கேட்க வழி உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: ஆண்டு வரிசையில் அடுக்கிக் கேளுங்கள். தொகுப்பு காலத்தைக் கலைத்துப் போட்டிருப்பதால் குழு வளர்ந்த விதம் தெரிவதில்லை. 1974: ‘செவன் சீஸ் ஆஃப் ரை’, ‘கில்லர் குவீன்’, ‘நௌ ஐம் ஹியர்’. 1975: ‘போஹீமியன் ராப்சடி’, ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’. 1976: ‘சம்படி டு லவ்’, ‘குட் ஓல்ட்-ஃபேஷன்டு லவர் பாய்’. 1977: ‘வி வில் ராக் யூ’, ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’. 1978: ‘பைசைக்கிள் ரேஸ்’, ‘ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்’, ‘டோன்ட் ஸ்டாப் மீ நௌ’. 1979: ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’. 1980: ‘சேவ் மீ’, ‘ப்ளே த கேம்’, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ‘ஃப்ளாஷ்’.

1976 வரை அடுக்கு ஏறிக்கொண்டே போவதும், 1977-ல் திடீரென வெறும் காலடியும் கைதட்டலுமாகக் குறைவதும், 1980-ல் பேஸ் கிதாரும் எதிரொலியில்லாத டிரம்ஸும் மட்டும் மிஞ்சுவதும் அப்போது காதில் விழும். ஆரம்பிக்கும் முன் செயலியின் அமைப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதி) பூஜ்ஜியமாக்குங்கள். ‘வி வில் ராக் யூ’ கிதாரில் சட்டென அறுந்து நிற்கும், அடுத்து ‘சாம்பியன்ஸ்’ பியானோ மெதுவாகத் தொடங்கும். கிராஸ்ஃபேட் இருந்தால் கிதார் மங்கி, பியானோமேல் ஏறி, இரண்டும் கெட்டுவிடும்.