குஞ்சின் வாய்க்குள் போகிற புழு

கேள்வி: ஃபைட்டர் மீன் குஞ்சு பொரித்திருக்கிறது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் நாறுகிறது, குஞ்சுகள் தினமும் சாகின்றன. வீட்டிலேயே புழு வளர்த்துப் போடலாம் என்கிறார்களே, சரிவருமா ஐயா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் சரிவரும் அம்மா. மஞ்சள் கருவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஃபைட்டர் குஞ்சு அசைகிற இரையைத்தான் துரத்தும். அசையாத கரு அடியில் படிந்து அழுகுகிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஏற்றது மைக்ரோ வார்ம் என்கிற நுண்புழு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், நூலைவிட மெல்லியது. ஓட்ஸைக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, மீன் வளர்க்கிற யாரிடமாவது பெருக்குவதற்கு ஒரு ஸ்பூன் தாய்ப்புழு வாங்கிப் போடுங்கள். புழுவுக்கு உண்மையான சாப்பாடு கஞ்சியில் பெருகும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான். அதனால் ஈஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். மூடியில் துளையிட்டு, ஈ நுழையாதபடி மெல்லிய துணி ஒட்டுங்கள்.

சில நாட்களில் டப்பாவின் உட்சுவரில் ஈரம் பளபளவென்று ஊர்வதைப் பார்ப்பீர்கள். அதுதான் புழு. சிறு தூரிகையால் சுவரில் ஏறியதை மட்டும் வழித்து, ஒரு தம்ளர் தண்ணீரில் அலசி ஊற்றுங்கள். கஞ்சி ஒரு துளிகூடச் சேரக் கூடாது. சேர்ந்தால் மறுபடி அதே நாற்றம்தான். இந்தப் புழு தண்ணீரில் மெல்ல அடிக்குப் போய்விடும், ஆகவே குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் குறைவாகவே இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவை போடுங்கள்.

நீந்தத் தொடங்கிய முதல் ஓரிரு நாள் மிகச் சிறிய குஞ்சுகளுக்கு வினிகர் ஈல் என்கிற, வினிகரில் வளரும் நுண்புழு இன்னும் நல்லது. அது அடியில் படியாமல் தண்ணீர் முழுக்க நெளிந்துகொண்டிருக்கும், நாள் கணக்கில் உயிரோடும் இருக்கும். அதை வளர்க்க ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, கூடவே ஒரு துண்டு ஆப்பிள். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எடுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தின் அடிவரை இந்தக் கரைசலை ஊற்றி, அதைத் தொடும்படி பஞ்சை அடைத்து, பஞ்சுக்கு மேல் நல்ல தண்ணீர் விடுங்கள். காற்றைத் தேடிப் புழு பஞ்சைத் தாண்டி மேலே வந்துவிடும். மறுநாள் சொட்டுக்குழாயால் உறிஞ்சிக்கொள்ளலாம். வினிகர் தொட்டிக்குள் போகாது.

கேள்வி: என் மைக்ரோ வார்ம் டப்பா புளித்த வாடை அடிக்கிறது. கொட்டிவிடவா?

பதில்: வேண்டாம். ஈஸ்ட் வாடை இயல்பு. கஞ்சி நீர்த்துப்போய், பழுப்பேறி, அழுகல் நாற்றம் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். மூன்று நான்கு வாரத்தில் அது எப்படியும் வரும். அதற்கு முன்பே ஒரு ஸ்பூன் எடுத்துப் புதுக் கஞ்சியில் போட்டுவிடுங்கள். ஒரே டப்பாவை நம்பிக் குஞ்சு வளர்க்காதீர்கள். எப்போதும் இரண்டு இருக்கட்டும், வெவ்வேறு வாரத்தில் தொடங்கியதாக.

கேள்வி: வளர்ந்த மீனுக்கு ட்யூபிஃபெக்ஸ் புழு போடலாமா, கிரிண்டல் புழு போடலாமா?

பதில்: கிரிண்டல். சாக்கடைச் சேற்றில் பிடித்த ட்யூபிஃபெக்ஸ், அந்தச் சேற்றின் கிருமிகளையும் கொண்டுவரும். எவ்வளவு அலசினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிரிண்டல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். ஈரத் தென்னை நார்த்தூளில் வளரும், மீன் தீவனத் தூளையே தின்னும். போட்ட தீனி தீர்ந்த பிறகே அடுத்தது போடுங்கள், மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும், சிற்றுண்ணி மொய்க்கும். கொழுப்பு மிகுந்த இரை என்பதால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மற்ற நாட்களில் வழக்கமான தீவனம் கொடுங்கள்.