மாவு வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். நயினார்குளத்துத் தண்ணீரின் தரம் பற்றி புராஜெக்ட். ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு தடவை சாம்பிள் எடுக்க வேண்டும். நவம்பரில் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். டிசம்பரில் எழுந்திருக்க நேரமாகிவிட்டதால் மதியம் ஒரு மணிக்குத்தான் முடிந்தது. ஜனவரியில் எடுக்கவே இல்லை. பிப்ரவரியிலும் இன்னும் எடுக்கவில்லை. அறுபது கட்டுரைகள் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன், முன்னுரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். தினமும் ராத்திரி இரண்டு மணிவரை லேப்டாப் முன்னால்தான் இருக்கிறேன். டைம்டேபிள் போட மூன்று ஆப் மாற்றிப் பார்த்துவிட்டேன். கைடு சார் ‘எப்ப வேணும்னாலும் வா’ என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் எந்தத் தொந்தரவும் கிடையாது. (அம்மா இட்லி மாவு வியாபாரம், தினமும் எட்டு கிலோ அரிசி போடுவார்கள். அக்கா கல்யாணமாகிப் போகும்வரை அவள் உதவினாள், அப்புறம் நான் ராத்திரியும் காலையும் ஒவ்வொரு மணி நேரம் நின்றேன். புராஜெக்டுக்காக டிசம்பரிலிருந்து அம்மாவே பார்த்துக்கொள்கிறார்கள்.) நேர மேலாண்மையை எப்படிக் கற்றுக்கொள்வது?
— ஒரு மாணவர், திருநெல்வேலி டவுன். (பிப்ரவரி 14 தேதியிட்ட கடிதத்தின் சுருக்கம்)

பதில்: தம்பி, உன் கடிதம் நான்கு பக்கம். தூக்கம் கெட்டதற்கு அரைப்பக்கம், ஆப்களுக்கு ஒரு பக்கம். அம்மாவுக்கு அடைப்புக்குறிக்குள் மூன்று வரி. நான் அந்த மூன்று வரியைத்தான் நாலு தடவை படித்தேன்.

வீட்டில் தொந்தரவு கிடையாது என்கிறாய். எப்படி இல்லாமல் போனது? உன் பங்கு வேலையை உன் அம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்டதால் போனது. எட்டு கிலோ அரிசி, அதற்கு இரண்டு கிலோ உளுந்து. கழுவி, ஊறப்போட்டு, ஈடு ஈடாக ஆட்டி, வழித்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, டிரம்மில் ஊற்றி, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு மனுஷி படுக்கப் போகும்போது மணி என்ன இருக்கும்? கவரில் போட்டுக் கட்ட மறுபடி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? நீ இரண்டு மணிவரை விழித்திருக்கிறாயே, பார்த்திருப்பாய் அல்லவா. கடிதத்தில் அது ஏன் இல்லை?

உனக்குக் கிடைத்த நேரத்தின் கணக்கைப் பார்ப்போம். தினம் இரண்டு மணி நேரம். டிசம்பர் 1 முதல் நீ கடிதம் எழுதிய நாள்வரை 76 நாள். மொத்தம் 152 மணி நேரம். உன் அம்மா உனக்காகத் தன் முதுகை வளைத்துக் கொடுத்த நேரம் அது. அதில் நீ எடுத்துக் காட்டுவது மூன்று பக்க முன்னுரை. இதில் நான் ஆறுதல் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

உன் அக்காவை யாராவது மாவு வேலையிலிருந்து விடுவித்தார்களா என்றும் யோசித்துப் பார். கல்யாணமாகிப் போகும்வரை செய்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பரீட்சை நாளிலும் செய்திருப்பாள். மகன் படிக்கிறான் என்றால் வீடே மூச்சை அடக்கிக்கொள்கிறது, மகள் படிக்கிறாள் என்றால் கல்லைக் கழுவிவிட்டுப் படி என்கிறது. இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அதைச் சலுகையாக வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளையும் பிடிக்காது.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் இந்தக் கதையை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். வகுப்பு, அசைன்மென்ட், பரீட்சை என்று யாரோ மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை நன்றாகப் படிக்கிற பையன், புராஜெக்ட் என்று ஆறு மாதத்தை மொத்தமாகக் கையில் கொடுத்ததும் தொலைந்துபோவான். உனக்கு மணி அடிக்க மிச்சம் இருந்தது மாவு வேலை ஒன்றுதான். அதையும் விட்டாய். ராத்திரி பத்து மணிக்குக் கல் கழுவ வேண்டும் என்று இருந்தவரை, அதற்குள் இதை முடிப்போம் என்று ஒரு விளிம்பு இருந்தது. இப்போது உன் ராத்திரிக்குக் கரையே இல்லை. அதனால்தான் இரண்டு மணி, அதனால்தான் டிசம்பரில் மதியம் ஒரு மணி.

அந்த மதியம் ஒரு மணியைச் சாதாரணமாக எழுதியிருக்கிறாய். விலங்கியல் படிக்கிற பையன் நீ. குளத்தில் பாசி பகலெல்லாம் ஆக்சிஜன் விடுகிறது, ராத்திரியில் எல்லா உயிரும் அதை எடுத்துக்கொள்கின்றன. கரைந்த ஆக்சிஜன் விடியும் நேரத்தில் குறைந்திருக்கும், மதியத்துக்கு மேல் ஏறியிருக்கும். நவம்பர் காலை ஏழு மணித் தண்ணீரையும் டிசம்பர் மதியத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால், நீ அளந்தது மாத வித்தியாசமா, நேர வித்தியாசமா? வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். உன் வீட்டில் விடியும் முன்பே விளக்கு எரிகிறது. அம்மாவோடு எழுந்து கவர் கட்டிக் கொடுத்துவிட்டு நேரே குளத்துக்குப் போயிருந்தால் ஏழு மணிக்குப் பாட்டில் நிரம்பியிருக்கும்.

ஜனவரிக்கு வருகிறேன். போன மாதத்துத் தண்ணீரை இனி யாரும் எடுக்க முடியாது. அட்டவணையில் ஜனவரிக் கட்டத்தில் ‘மாதிரி எடுக்கப்படவில்லை’ என்று எழுது. டிசம்பருக்கு நேரே நேரத்தையும் போடு. டிசம்பர் எண்ணையும் பிப்ரவரி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து ஜனவரியை நிரப்பிவிடலாம் என்று ஹாஸ்டல் பையன் எவனாவது சொல்லியிருப்பான். அப்படிச் செய்தாயானால் எனக்கு மறுபடி கடிதம் எழுத வேண்டாம்.

சரி, நேர மேலாண்மை கேட்டாயே. உன் அம்மா தினமும் அதைத்தான் செய்கிறார். காலை ஆறு மணிக்கு வாசலில் ஆள் வந்து நிற்கும். அதற்குள் மாவு பொங்கியிருக்க வேண்டும் என்றால் ராத்திரி பத்துக்குள் கரைத்து வைக்க வேண்டும். அதற்கு மாலை ஆறு மணிக்குக் கிரைண்டர் ஓட வேண்டும். அதற்கு மதியமே அரிசி ஊற வேண்டும், உளுந்தை அதற்கப்புறம் போட்டால் போதும். முடிவிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வருகிறார். மார்கழிக் குளிரில் மாவு பொங்க நேரமாகும், அதனால் அந்த மாதம் இன்னும் முன்னாலேயே ஆட்ட வேண்டும். நீ வேலையை விட்டது சரியாக அந்த மாதம் வரப்போகிற நேரத்தில்.

இன்னொன்றும் கவனி. அரிசி ஊறுகிற நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை, ஆனால் அந்த நேரத்தைக் குறைக்கவும் அவரால் முடியாது. உன் புராஜெக்டிலும் ஊறுகிற வேலைகள் இருக்கின்றன. கெடாமல் இருக்க லூகால் அயோடின் கரைசல் விட்ட மிதவை உயிரி (தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்) சாம்பிள் ஒரு நாளாவது அசையாமல் இருந்து அடியில் படிய வேண்டும். படிந்த பிறகு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதை நாலு நாள் கழித்துக்கூடச் செய்யலாம். ஆனால் ஆக்சிஜன் அளக்க எடுத்த தண்ணீர்ப் பாட்டில் காத்திருக்காது. குளத்தங்கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் காரக் கரைசலும் விட்டுப் பழுப்பாகப் படிய வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து ஆக்சிஜன் அளவைக் கண்டாக வேண்டும். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று ஒரு தாளில் எழுது. உன் மூன்று ஆப்பும் இதைச் சொல்லியிருக்காது.

ஊறுகிற வேலைகளில் பெரியது கைடு படிக்கிற நேரம். அது உன் கையில் இல்லை. அவருக்குப் பத்து நாள் கொடு. அதற்கப்புறம் திருத்தம், காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் நகல் சோதனை, பிரிண்ட், பைண்டிங், கையெழுத்து. இதற்கு ஒரு வாரம். அப்படியென்றால் மார்ச் 28-ல் முழுப் பிரதியும் அவர் மேஜையில் இருக்க வேண்டும். கடைசி சாம்பிள் மார்ச் 20. ஆய்வு முறையும் முந்தைய ஆய்வுகளும் அதற்கு முன்பே எழுதி முடிந்து, மார்ச் மாதக் கட்டம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். அறுபது கட்டுரையில் பதினைந்தைப் படி, மற்றதை மூடிவை.

‘எப்ப வேணும்னாலும் வா’ என்று சொன்ன சாரிடம், ‘சார், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரட்டுமா’ என்று நீயே கேள். எழுதியது அரைப்பக்கம் ஆனாலும் எடுத்துக்கொண்டு போ. காட்ட ஒன்றும் இல்லை என்று போகாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்த வெட்கம் ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்றுப் பெருக்கும்.

ஒரு வேலை எத்தனை நாள் ஆகும் என்று உன் மனசு சொல்வதை நம்பாதே. கனடாவில் இப்படி இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் 37 பேரிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். கெட்ட கணக்குகூடப் போதவில்லை பார். இந்த இதழ் உன் கைக்கு வரும்போது உனக்கு 50 நாள்தான் இருக்கும், பிப்ரவரி முடிய நாலைந்து நாள்.

ஆக, இன்றைக்கு ராத்திரி மாவு வழிக்க நீ போகிறாய். ‘நீ போய்ப் படிப்பா’ என்று அம்மா சொல்வார், எல்லா அம்மாவும் சொல்வார்கள். பதில் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார். பத்தரைக்குப் படுத்துவிடு, லேப்டாப்பை மூடி அலமாரியில் வை. விடிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் கவர் கட்டு. அப்புறம் எட்டு மணிவரை எழுது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு பக்கமும் கரை இருக்கும், நீ எழுதுவாய்.

பிப்ரவரி சாம்பிளை நாளைக் காலையே எடு. ஏழு மணிக்கு, நவம்பரில் நின்ற அதே படித்துறையில். டைட்ரேஷன் முடிந்ததும் ரீடிங்கை எனக்கு ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடு. முந்தின ராத்திரி உன் அம்மா எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் அதிலேயே எழுது.