மொட்டை மாடியில் பேசும் பெண்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமம். சேலத்தில் நகைக்கடையில் பில் போடுகிறேன். ஐந்து ரோடு பக்கம் ஹாஸ்டல். நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி இனத்தவர். அப்படிச் சொன்னதும் "கேரளாவா?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொன்னால் பார்வை மாறிவிடுகிறது. அதனால் "ஏற்காடு டவுன், அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டேன். அப்பா காபி பறிக்கும் கூலி. அம்மா போன் செய்தால் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பேசுவேன். இப்போது தோழிகள் மே மாதம் வீட்டுக்கு வருகிறோம் என்கிறார்கள். ரூம்மேட் எனக்கு டாரட் சீட்டில் குறி பார்த்தாள். ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ், செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தன. "நீ எப்பவும் வெளியதான் நிப்ப, யாரையோ ஏமாத்துற" என்றாள். தூக்கமே இல்லை. என் விதி இதுதானா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: கண்ணு, முதலில் இந்த விதிப் பயத்தை இறக்கி வை. டாரட், 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக வந்த சீட்டு. அதை வைத்துக் குறி பார்ப்பது 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. பதினாறு வருடமாக இந்த 78 சீட்டையும் கலைத்துப் போடுகிறேன். எதிரில் இருப்பவருக்கு வாயில் வராத பேச்சு, படத்தைப் பார்த்ததும் வந்துவிடும். எனக்கு அதன்மேல் மதிப்பு அதனால்தான்.

அப்புறம், உன் ரூம்மேட் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸில் பனி கொட்டுகிறது. வெறுங்காலோடு ஒருத்தி, பின்னால் கட்டை ஊன்றி ஒருவன். மேலே வெளிச்சத்தோடு வண்ணக் கண்ணாடி ஜன்னல். வாசல் வரையப்படவே இல்லை. அவர்களை யாரும் துரத்தியதாகப் படத்தில் இல்லை. அவர்கள் போய்க் கேட்டதாகவும் இல்லை. மற்ற சீட்டில் ஒருவன் கூடாரத்திலிருந்து ஐந்து வாளைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். அவன் கையைப் பார். பிடியில் பிடிக்கவில்லை, அலகில் பிடித்திருக்கிறான். அறுபடுவது அவன் கைதான். நீ யாரையும் ஏமாற்றிச் சம்பாதிக்கவில்லை கண்ணு, உனக்குத்தான் வலிக்கிறது.

'கண்ணு' என்பதே சேலம் எனக்குக் கொடுத்த சொல். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து 31 வருடம் ஆகிறது. வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே நாத்தனார் சிரிப்பார். ஆறே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பழகும் ஊரின் பேச்சு நாக்கில் ஏறத்தான் செய்யும். ஆனால் அம்மா ஒருமுறை வந்திருந்தாள். அடுப்படியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே, "மாப்ள சாப்ட்டாவளா?" என்று கேட்டாள். நாத்தனார் பக்கத்தில் நின்றார். நான் சட்டென்று, "அம்மா, இங்க அப்படிப் பேசாதீங்க" என்றேன். அம்மா பிழிவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். ஊருக்குக் கிளம்பும்வரை இரண்டு நாளும் அந்த வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தச் சொதி வாசனை வந்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. உன் கடிதத்தில் மொட்டை மாடி என்று படித்ததும் அதே வாசனை வந்தது.

நான் சொன்ன இந்தப் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். லண்டனில் பிறந்தவர், ஜமைக்காவிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்தவர். ஜமைக்காவின் அனன்சி என்ற தந்திரச் சிலந்தியின் கதைகளை அந்தத் தீவின் பேச்சிலேயே லண்டன்காரர்களுக்குச் சொல்லிக்காட்டுவார். 1909-இல் சீட்டுக் கட்டு வெளிவந்தது. வெகுகாலம் அதை ரைடர்-வெயிட் என்றே அழைத்தார்கள். முதல் பெயர் பதிப்பாளருடையது, அடுத்தது படங்களின் பொருளை எழுதியவருடையது. ஆனால் படத்தின் ஓரத்தில் கொடிபோல் வளைந்த பமீலாவின் பெயரெழுத்துகள் இருக்கும். ரூம்மேட்டின் கட்டு அந்த வகை என்றால் வாங்கிப் பார்.

பார்வை மாறுகிறது என்றாயே, அது உன் கற்பனை இல்லை. அப்படிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமெல்லாம் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. கடை முழுக்க அறிவிக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வரப்போகிறவர்களில் உனக்கு நெருக்கமான ஒருத்தியிடம் மட்டும் முதலில் சொல். தட்டுவடை செட் சாப்பிடப் போகும்போது சொன்னால் போதும்: "அப்பா சூப்பர்வைசர் இல்ல, காபி பறிக்கிறாரு. பயந்து மாத்திச் சொல்லிட்டேன்." கேரளாவா என்று அவள் கேட்டால், சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் பேசும் மக்கள் நாங்கள் என்று சொல். சேலத்தில் பிறந்தவர்களுக்கே இது தெரிவதில்லை. கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற மலை, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அவள் விலகிப் போகலாம். அப்படி நடந்தால் வலிக்கும், எனக்கு எழுது. விலகாவிட்டால் மே மாதம் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு நீயே கூட்டிப் போ. வழியில் காபிச் செடிகளுக்கு நடுவில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைக் காட்டு. அப்பா எந்தக் காட்டில் பறிக்கிறார் என்று சொல்.

அது மே மாதம். இன்று ராத்திரி அம்மா போன் செய்தால் கட்டிலில் உட்கார்ந்தே எடு.