12 மணி நேர இரவுப் பணியா, 6 மணி நேரப் பகல் பணியா?

அன்புச் சகோதரி, செவிலியராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரத்திலேயே இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்றும், இரவுப்படிக்காக இரவுப் பணியில் மனம் சாய்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் 6 மாதங்களுக்கேனும் பகல் பணியையே கேட்டுப் பெறுங்கள். மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும் காலை வேளையில், ஒரு மருந்தை ஏன் நிறுத்தினார்கள் என்பதை அருகில் நின்று கேட்டுக் கற்கும் வாய்ப்பு இரவில் அமைவதில்லை. உடல் வெப்பம் தாழ்ந்து கவனம் மங்கும் அதிகாலை 4 மணிக்கு, இன்சுலின் சிரிஞ்சின் கோடுகளை நான் தவறாகப் படித்ததையும், மூத்த செவிலியர் ஒருவர் சரிபார்த்ததால் மட்டுமே அந்த அளவு நோயாளிக்குச் செல்லாமல் நின்றதையும் இன்றும் மறக்க முடியவில்லை. இரவுப் பணியைத் தவிர்க்கவே இயலாவிட்டால், தொடர்ந்து எத்தனை இரவுகள், உடன் மூத்தவர் இருப்பாரா என்பவற்றை முதலில் கேட்டறியுங்கள். பணி முடிந்த காலையில் தயவுசெய்து ஸ்கூட்டர் ஓட்டாமல் பேருந்தில் வீடு திரும்புங்கள்.