ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றும் முன்: மூன்றாவது கால் எது?

கேள்வி: என்னிடம் 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர் உள்ளது. இரண்டு டயர்களையும் மாற்ற வேண்டியிருப்பதால், சக்கரங்களை வீட்டிலேயே கழற்றி டயர் கடைக்குக் கொண்டுபோக எண்ணுகிறேன். வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது. அதைத் தவிர, காருடன் வந்த திருகு ஜாக்கி ஒன்றும் சில செங்கற்களும் கைவசம் உள்ளன. இவற்றைக் கொண்டு வண்டியைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்த முடியுமா? அல்லது தரையில் படுக்கவைத்துக் கழற்றுவதுதான் எளிதா?

பதில்: முடியும். ஆனால் செங்கற்களை ஒதுக்கிவிடுங்கள். வண்டியைப் படுக்கவைக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஜாக்கி உதவும் என்றாலும் அதற்குள்ள பங்கு மிகச் சிறியது. வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் எவ்வளவு உயரம் தூக்குவது, எதைக் கொண்டு தூக்குவது என்றே யோசிக்கிறார்கள். தூக்கிய பிறகு வண்டி எந்தெந்த இடத்தில் தரையை ஊன்றி நிற்கிறது, கழற்றப் போகும் சக்கரம் அவற்றுள் ஒன்றா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டருக்கு மூன்று கால்கள் உண்டு. ஸ்டாண்டின் இரு பாதங்கள் இரண்டு கால்கள். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம் மூன்றாவது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவர் இல்லாதபோது வண்டியின் எடைமையம் ஸ்டாண்டின் பாதங்களுக்குச் சற்று முன்னால் விழுவதால், முன்சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். ஆகவே பின்சக்கரத்தைக் கழற்றும்போது மூன்று கால்களில் எதுவும் குறைவதில்லை. பின்பக்க எடை குறைவதால் வண்டி முன்சக்கரத்தின் மேல் இன்னும் அழுத்தமாக உட்காரும். முன்சக்கரத்தைக் கழற்றுவது அப்படியல்ல. அங்கே நாம் கழற்றுவது மூன்றாவது காலையே. சில வண்டிகளில், குறிப்பாகப் பின்னால் பெரிய பெட்டி பொருத்தியவற்றில், இது தலைகீழாக இருக்கக்கூடும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு எந்தச் சக்கரம் கையால் தட்டினால் தடையின்றிச் சுழல்கிறது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

சென்டர் ஸ்டாண்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வண்டி பின்னோக்கித் தள்ளப்பட்டால் ஸ்டாண்டு தன் தடுப்பில் முட்டி உறுதியாக நிற்கும். முன்னோக்கித் தள்ளப்பட்டாலோ மடங்கிவிடும். அன்றாடம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதே இப்படித்தான். நட்டு கழல மறுக்கிறது என்று ஸ்பேனரை முன்பக்கமாக இழுப்பவரும், சக்கரம் வர மறுக்கிறது என்று வண்டியை உலுக்குபவரும், தம்மை அறியாமலேயே வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை அப்போது முன்னோக்கி விழும். அந்நேரம் கை சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. இதைத் தடுக்க, ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றி, அதன் மறுமுனையை வண்டியின் முன்பகுதியில் ஃபுட்போர்டுக்கு முன்னால் இறங்கும் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் உலோகச் சட்டம்) குழாயோடு இறுக்கிக் கட்டிவிட்டால், ஸ்டாண்டு பின்னோக்கி மடங்க வழியில்லை. முன்சக்கரத்தில் கட்டுவதும் உண்டு. ஆனால் அதையே கழற்றப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு அது பயன்படாது.

இடத்தைப் பொறுத்தவரை, சமமான கெட்டியான சிமெண்டுத் தரையே சிறந்தது. மண் தரையிலும் வெயிலில் இளகும் தார் தரையிலும் ஸ்டாண்டின் சிறிய பாதங்கள் மெல்லப் புதையும். வேறு இடம் இல்லையென்றால் தடித்த பிளைவுட் பலகையைப் பரப்பி அதன்மேல் நிறுத்தலாம். பளபளப்பான டைல்ஸ் தரை வழுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. சைடு ஸ்டாண்டு இந்த வேலைக்கு எவ்வகையிலும் ஆகாது. சீட்டுக்கு அடியில் உள்ள பொருட்களை எடுத்துவிட்டு, சாவியையும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் தூக்கியிருக்கும் கியர் இல்லாத வண்டியில் யாராவது எஞ்சினைக் கிளப்பி முறுக்கினால் சக்கரம் உடனே சுழலும். மேலும், கியர் வண்டியைப் போல ஒரு கியரில் போட்டு உருளாமல் நிறுத்தும் வசதி இதில் இல்லை. எனவே தரையில் இருக்கும் சக்கரத்தின் பிரேக் லீவரை இழுத்து, ரப்பர் கயிற்றால் ஹேண்டில்பாரின் பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

நட்டுகளை எல்லாம் வண்டியை ஜாக்கியால் தூக்கும் முன்பே இளக்கிக்கொள்ள வேண்டும். பின்சக்கர அச்சின் பெரிய நட்டு பல ஸ்கூட்டர்களில் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய முறுக்கத்தில் இறுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சரைக் கழற்றினால்தான் அந்த நட்டையே முழுமையாக அணுக முடியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அதை எடுத்துவிட்டு, எழும்பியிருக்கும் பின்டயருக்கு அடியில் ஒரு பலகையை இறுக்கமாகச் செருகி, பின் பிரேக் லீவரையும் கட்டுங்கள். நட்டு வண்டியின் வலப்பக்கம் இருந்தால், ஸ்பேனரின் பிடி பின்பக்கம் பார்த்திருக்கும்படி மாட்டிக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அப்போது உங்கள் விசை வண்டியைத் தரையோடு அழுத்துமே தவிர, முன்னோக்கித் தள்ளாது. ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயை மாட்டிக் காலால் மிதிப்பதை நான் ஆதரிப்பதில்லை. நீளமான பிடியுள்ள நல்ல பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று போதும். நட்டு அரைச் சுற்று இளகியதும் நிறுத்திவிட்டு, பலகையை உருவி எடுங்கள்.

முதலில் பின்சக்கரத்தை எடுங்கள். பிரேக் கட்டப்பட்ட முன்சக்கரம் அப்போது மூன்றாவது காலாகத் தரையில் இருப்பதால், இழுப்புக்கும் ஆட்டத்துக்கும் வண்டி ஈடுகொடுக்கும். பின்சக்கரம், பல் வெட்டிய ஒரு தண்டின் மேல் பொருந்தியிருப்பதால், துரு ஏறியிருந்தால் சற்று முரண்டு பிடிக்கும். அப்போது கட்டிய பின் பிரேக்கை அவிழ்த்து, டயரின் இருபுறமும் பிடித்து மாறி மாறி அசைத்து நேராக வெளியே இழுக்க வேண்டும். டயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டால் மட்கார்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலிருந்து அது எளிதில் நழுவி வரும்.

முன்பக்கத்தைத் தூக்குவதற்குத்தான் ஜாக்கி. அதை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. ஃபுட்போர்டின் அடிப்பகுதியாகத் தெரிவது பல வண்டிகளில் பிளாஸ்டிக் உறை மட்டுமே. அது எடையைத் தாங்காது. எஞ்சினின் அடிப்பகுதி மெல்லிய அலுமினிய வார்ப்பு. ஜாக்கியின் குறுகிய தலை அதன்மேல் அழுத்தினால் விரிசல் விழும், அல்லது ஆயில் வடிக்கும் போல்ட்டு சேதமாகும். தவிரவும், ஸ்கூட்டரின் எஞ்சின் சேசிஸோடு இறுக்கப்பட்ட பொருள் அல்ல. பின்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு கீலில் மேலும் கீழும் அசைவது. சேசிஸின் பின்பகுதியை ஜாக்கியால் தூக்கிப் பார்த்தவர்கள், வண்டி உயர்ந்துகொண்டே போக, சக்கரம் மட்டும் தரையை விட்டு எழாததைக் கண்டு திகைப்பது இதனால்தான்: ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்ட பிறகே சக்கரம் எழும்பும். அதனால் ஜாக்கியை முன்பக்கம், ஹேண்டில்பாரின் கீழிருந்து இறங்கி ஃபுட்போர்டுக்கு அடியில் வளைந்து செல்லும் தடித்த சேசிஸ் குழாயின் கீழ், இடையில் ஒரு மரத்துண்டை வைத்துப் பொருத்துங்கள். பைக் கடைகளில் விற்கும் பேடக் ஸ்டாண்டுகளில் (வண்டியின் ஒரு முனையைத் தூக்கி நிறுத்தும் தாங்கிகள்) பின்சக்கரத்துக்கானவை, சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் கை உள்ள வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு அவை பொருந்தா.

டயர் தரையை விட்டு இரண்டு மூன்று விரற்கடை எழும்பினால் போதும். அந்த உயரத்தில் ஜாக்கிக்கு அருகிலேயே, அதே குழாயின் கீழ், கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கியைச் சற்று இறக்கி எடையைக் கட்டைகளின்மேல் உட்கார விடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கான கருவிதான். தாங்கி நிற்பதற்கானது அன்று. குறிப்பாகக் காரின் திருகு ஜாக்கி பக்கவாட்டு அசைவைத் தாங்காது. செங்கல்லையும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லையும் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அவை ஒரு புள்ளியில் விழும் எடையில் முன்னறிவிப்பின்றி உடைபவை. மரமோ உடையும் முன் நசுங்கும், முனகும். கட்டைகள் அமைந்ததும் சீட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். இப்போது ஆடினால், சக்கரத்தைக் கழற்றும்போதும் ஆடும். பிரித்து மறுபடி அடுக்குங்கள். அதன்பிறகு கட்டிய முன் பிரேக்கை அவிழ்த்து, முன் அச்சை உருவினால் சக்கரம் தானே கீழே இறங்கும். இழுக்க வேண்டிய தேவையே இராது. எந்த வாஷர், எந்த புஷ் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வது பிறகு உதவும்.

சக்கரங்கள் வெளியே இருக்கும்போது எந்த பிரேக் லீவரையும் தொடாதீர்கள். இரு பிரேக்குகளும் இணைக்கப்பட்ட வண்டிகளில் இடது லீவர் முன்பிரேக்கையும் இயக்கும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் பேடுகள் நெருங்கி, சக்கரத்தை மீண்டும் நுழைக்க முடியாமல் போகும். பேடுகளுக்கு இடையே ஒரு தடித்த அட்டையைச் செருகி வைக்கலாம். பிரேக் டிரம்முக்குள் சேர்ந்துள்ள தூளை வாயால் ஊதவும் கூடாது, காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வண்டியைப் படுக்கவைப்பது குறித்து: பெட்ரோல் மூடி வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ எரிபொருள் கசியும், எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் புகும், சில பேட்டரிகளிலிருந்து அமிலம் வழியும், பக்கவாட்டு உறைகளும் லீவரும் உடையும். இத்தனைக்கும் பிறகு, சாய்ந்து கிடக்கும் வண்டியில் அச்சை நேராக உருவுவது நின்ற வண்டியில் உருவுவதைவிடக் கடினம். பழைய உலோக உடல் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வழியைச் சொல்லியிருக்கலாம். அவற்றில் நான்கைந்து நட்டுகளை எடுத்தாலே சக்கரம் வந்துவிடும். அவசரத்துக்கு ஸ்டெப்னியை மாட்ட அந்த அமைப்பு ஏற்றது. ஆனால் அவற்றின் ரிம் இரு பாதிகளாகச் சேர்க்கப்பட்டது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகளுக்குப் பதிலாக, ரிம்மின் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகளைக் காற்று இருக்கும்போதே கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். அத்தகைய வண்டியில் டயரைப் பிரிக்கும் முன் வால்வை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும்.

மீண்டும் பொருத்தும்போது முன்சக்கரத்தை முதலில் மாட்டி, கட்டைகளை எடுத்து, அது தரையில் ஊன்றிய பிறகே பின்சக்கரத்துக்குச் செல்லுங்கள். முன்பக்கம் டிரம் பிரேக் என்றால், பிரேக் தகட்டில் உள்ள பள்ளம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் உள்ள முளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். அது விலகியிருந்தால் பிரேக் பிடித்தவுடன் தகடு முழுவதுமே சக்கரத்தோடு சுழலும். டயரின் பக்கத்தில் உள்ள அம்புக்குறி, சக்கரம் சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். அச்சு நட்டுகளின் இறுதி முறுக்கத்தைச் சக்கரம் தரையை அழுத்தியிருக்கும்போது, வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) கொடுங்கள். கவைமுள் (நட்டு கழலாமல் அச்சில் செருகும் கம்பி) இருந்தால் புதியது போடுங்கள். புறப்படும் முன் டிஸ்க் பிரேக் லீவரை, அது கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள்.

டயர் கடையில் சக்கரங்கள் ஒரு நாள் தங்க நேர்ந்தால், வண்டியைக் கட்டைகளின்மேல் அப்படியே விட்டுவைக்கலாமா என்ற ஐயம் எழக்கூடும். குழந்தைகளோ நாய் பூனைகளோ நடமாடும் இடத்தில் கூடாது. கதவைப் பூட்டிவைக்கக்கூடிய அறை இருந்தால் வைக்கலாம். அப்போதும் எஞ்சினின் பின்பகுதிக்கு அடியில், தொட்டும் தொடாமலும் ஒரு கட்டையைக் கூடுதலாக வைத்து, ஹேண்டில்பார் இருபுறமும் திரும்பாதபடி கட்டி வையுங்கள். அப்படி ஓர் அறை இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, அது திரும்பி வந்து மாட்டிய பிறகு அடுத்ததை எடுங்கள். கடைக்கு இருமுறை போக நேரும், அவ்வளவுதான்.