கண்ணாடி போலப் பளபளக்கும் ஈயப் படலம் கரைவது ஹைட்ரஜனால் அல்ல

ஈரோட்டுத் தம்பிக்கு, பேனத் சோதனையில (மெத்தில் ரேடிக்கல் உண்டுன்னு வேதியியலாளர் பேனத் 1929-ல காட்டினது) ஈயப் படலத்தைக் கரைச்சது ஹைட்ரஜன்னு எழுதி மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. மார்க் குறைச்சது சரிதானுங்க. கரைச்சது மெத்தில் ரேடிக்கல், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் ஒண்ணு உள்ள CH₃ துண்டு.

டெட்ராமெத்தில் ஈய (ஒரு ஈய அணுவோட நாலு மெத்தில் சேர்ந்தது) ஆவியை 2 மி.மீ. பாதரச அளவு அழுத்தத்துல ஹைட்ரஜனோட ஓட விடறாங்க. குழாயைச் சூடாக்கின இடத்துல ஈயம்–கார்பன் பிணைப்பு அறுந்து, ஈயம் பளபளன்னு உள்சுவர்ல படியுது. அப்புறம் வாயு வர்ற பக்கமா தள்ளிச் சூடாக்கினா அங்க புதுப் படலம், பழையது மறையுது. ஹைட்ரஜனை மட்டும் ஓட்டிப் பார்த்தா படலம் அப்படியே நிக்கும். ஈயத்துக்குப் பதிலா துத்தநாகப் படலம் வெச்சா டைமெத்தில் துத்தநாகம் கிடைக்குது. அந்த மெத்தில் ஹைட்ரஜன்ல இருந்து வர முடியாதுங்களே! விடையில இதைத்தான் முதல்ல எழுதணும்.

சூடாக்கற இடத்துக்கும் பழைய படலத்துக்கும் உள்ள தூரம் ஏன் முக்கியம்னா, மெத்தில் ரேடிக்கலோட அரைவாழ்வு சுமார் 0.006 நொடி. வாயு வேகம் நொடிக்கு 15 மீட்டர்னா 30 செ.மீ. தாண்ட 0.02 நொடி. அதுக்குள்ள பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். மத்தது ஒண்ணோடொண்ணு சேர்ந்து ஈத்தேன் ஆயிடும். அழுத்தம் ஏறினா வேகம் குறையும், படலம் கரையாது.

பியூட்டைல் லித்தியத்தைச் சூடாக்கறதுக்கும் இதே விளக்கத்தை எழுதிடாதீங்க. அதுல பீட்டா ஹைட்ரஜன் (உலோகம் ஒட்டின கார்பனுக்கு அடுத்த கார்பன்ல இருக்கற ஹைட்ரஜன்) இருக்கு, அது லித்தியத்துக்குத் தாவிடும். சுமார் 150 டிகிரியில லித்தியம் ஹைட்ரைடும் 1-பியூட்டீனும்தான் முக்கியமா வரும்.

காலேஜ் லேப்ல செஞ்சு பார்க்கவே வேண்டாம். டெட்ராமெத்தில் ஈயம் தோல் வழியாவும் உடம்புல ஏறும், மூளையைப் பாதிக்கும்.