முதல் ஆட்டத்திலேயே இரண்டு முட்டை: பையன் பேட்டைக் கீழே வைக்கலாமா?

கேள்வி: லண்டன் இல்ஃபோர்டில் வசிக்கிறோம். 16 வயது மகனுக்குக் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் வயதுப் பிரிவு அணியில் முதன்முறையாக இடம் கிடைத்தது. இரண்டு நாள் ஆட்டம், இரண்டு இன்னிங்ஸிலும் டக் அவுட். ஒன்று கீப்பர் கேட்ச், மற்றொன்று எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்கு வரும் பந்து காலில் பட்டு அவுட்). அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பேட்டைத் தொடவே மாட்டேன் என்கிறான். டெக்னிக்கை மாற்று, கோச்சை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஆறு வாரத்துக்குக் கோச்சை மாற்றாதீர்கள். டெக்னிக்கையும், கீழே சொல்லும் ஒரு சோதனையில் கோளாறு தெரிந்தால் தவிர, தொடாதீர்கள்.

உங்கள் பகுதிக்காரர் ஒருவரின் கதையை மகனிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் கிரஹாம் கூச், பக்கத்து லேட்டன்ஸ்டோனில் பிறந்தவர். சிறு வயதில் பயிற்சி எடுத்தது இல்ஃபோர்டில்தான். 1975 ஜூலையில் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். வாக்கர் பந்தில் கீப்பர் மார்ஷிடம் கேட்ச், 0. தாம்சன் பந்தில் மறுபடியும் மார்ஷிடமே கேட்ச், மறுபடியும் 0. அடுத்து லார்ட்ஸில் 6, 31. அதோடு மூன்று வருடம் இங்கிலாந்து அவரைக் கூப்பிடவில்லை.

அந்த மூன்று வருடத்தைத்தான் உங்கள் மகன் கவனிக்க வேண்டும். கூச் தன் கவுண்டி அணியான எசெக்ஸுக்குத் திரும்பிப்போய் வாராவாரம் ஆடினார். 1978-ல் நடுவரிசையை விட்டுத் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு இங்கிலாந்து அணிக்குத் திரும்பி, லார்ட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக 54. முதல் டெஸ்ட் சதம் வந்தது 1980-ல். ஓய்வு பெறும்போது 118 டெஸ்டில் 8,900 ரன், 20 சதம். அதில் 12 சதம் 36 வயதுக்குப் பிறகு அடித்தவை. எனக்கு இதுதான் அவர் கணக்கிலேயே பெரிய எண்.

இனி அந்த எல்பிடபிள்யூ. கீப்பர் கேட்ச் யாருக்கும் வரும், முதல் ஆட்டப் பதற்றத்தில் இன்னும் சுலபமாக வரும். எல்பிடபிள்யூவைத்தான் பார்க்க வேண்டும். 1989-ல் கூச்சையே அது படாதபாடு படுத்தியது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஆல்டர்மன் ஸ்டம்பை ஒட்டி ஓடி வந்து நேராகப் போடுவார். கூச்சின் முன்கால் ஆஃப் பக்கம் குறுக்கே போய் ஊன்றிவிடும், தலையும் கூடவே சாயும். நேராக வரும் பந்துக்கு மட்டை அந்தக் காலைச் சுற்றி வந்தாக வேண்டும், அதற்குள் பந்து பேடில். தொடரின் நடுவில், என்னை இந்த டெஸ்டில் சேர்க்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டு எசெக்ஸுக்கு ஆடப் போனார். அடுத்த கோடையில் லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிராக 333, இரண்டாவது இன்னிங்ஸில் 123. (333 அடித்த இன்னிங்ஸில் 36 ரன்னில் இருந்தபோது இந்திய கீப்பர் கிரண் மோரே ஒரு கேட்ச்சை விட்டார். அதிர்ஷ்டமும் வேண்டும்தான், ஆனால் களத்தில் நிற்பவனுக்குத்தான் அது வரும்.)

உங்கள் மகனுக்கும் அதே கோளாறா என்று நீங்களே பார்த்துவிடலாம். நெட்டில் பந்து போடும் பக்கத்து ஸ்டம்புக்குப் பின்னால் போனை ஸ்டம்பு உயரத்தில் வைத்து 30 பந்து எடுங்கள். முன்காலின் பெருவிரல் கவர் திசையைப் பார்க்கிறதா, தலை ஆஃப் ஸ்டம்பைத் தாண்டிச் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாய்ந்தால், அவன் குறுக்கே கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய ஷூவை வையுங்கள். கால் அதில் இடிக்கக் கூடாது. நேராக வரும் த்ரோடவுனை (அருகிலிருந்து கையால் எறியும் பந்தை) பௌலருக்கும் மிட் ஆனுக்கும் நடுவில் அடிக்கட்டும். தினம் 20 நிமிடம் போதும். கால் நேராகத்தான் போகிறது என்றால் டெக்னிக்கைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, கிளப் கேப்டனிடம் நீங்களே பேசுங்கள். இரண்டாம் அணியானாலும் சரி, தொடர்ந்து எட்டு இன்னிங்ஸ் ஒரே இடத்தில் இறங்க வாய்ப்பு கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் எத்தனை பந்து நின்றான், எப்படி அவுட் ஆனான் என்று ஒரு நோட்டில் அவனே எழுதட்டும். ரன்னை எழுத வேண்டாம். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டையும் வீடியோவையும் இப்போதிருக்கும் கோச்சிடம் கொடுங்கள்.